செஸ் ராஃபர்ட்டியின் நூறு பீர் உறை

வால் ஹெஸ்கெத்தைப் பத்தி என் காது கேக்க யாராவது ஒரு வார்த்தை குறை சொல்லிப் பாருங்க, அப்புறம் இருக்கு. அவ குளிர்சாதன மெக்கானிக். சுத்துவட்டாரத்துல ஆறு ஊர் பப்புல பீர் சில்லுன்னு இருக்குன்னா அது அவ கைப்புண்ணியம். ஐம்பத்தி நாலு வயசு, குட்டை உருவம், தலைமுடியைக் கண்ணாடி பாக்காம தானே கத்தரிச்சுக்குவா. "மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா, பெரிய இவ"ம்பாங்க ஊர்ல. சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். நான் எதுக்கு அவளுக்காக இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றேன்னு கேட்டா, செஸ் ராஃபர்ட்டியோட அட்டைப்பெட்டி வந்த நாள்ல இருந்து சொல்லணும்.

நான் கிளெனிஸ். பிண்டா க்ரீக்னு ஒரு சின்ன ஊர்ல டயாலிசிஸ் வண்டி ஓட்டறவ. அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் ஸ்கூல் பஸ். பிள்ளைங்களைக் கத்திக் கத்தியே குரல் இப்படி ஆயிடுச்சு, கோபமா இல்லாதப்பவும் கோபமா இருக்கற மாதிரிதான் கேக்கும். கோபமாவும் இருப்பேன், அது வேற விஷயம். திங்கள், புதன், வெள்ளி விடியக்காலை அஞ்சு மணிக்கு ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு மவுண்ட் ஐசா டவுனுக்குப் போவேன். இருநூத்திப் பத்து கிலோமீட்டர். ஒருத்தன் செஸ். இன்னொருத்தங்க ஆன்ட்டி டல்சி. ஊரே அவங்களை ஆன்ட்டின்னுதான் கூப்பிடும், செஸ் உட்பட, அவன் அவங்களை விட ரெண்டு வயசு மூத்தவன்னாலும். ஐசா ஆஸ்பத்திரியில மெஷின் அவங்க ரத்தத்தைச் சுத்தம் பண்ணி முடிக்க மத்தியானம் ஆயிடும். ரெண்டு மணிக்குத் திரும்பக் கிளம்புவோம். மேற்கு பாத்த ரோடு, முகத்துக்கு நேரா சூரியன், டிசம்பர் மாசம், எங்க பக்கம் அதுதான் உச்சக் கோடை.

அந்த வண்டியோட ஏசி இருக்கே! ஐசாவுல ஒரு பட்டறையில மூணு தடவை காட்டியாச்சு. மூணு தடவையும் காலைல ஏழு மணிக்கு, நிழல்ல நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வச்சுப் பாத்துட்டு, "கேஸ் ஃபுல்லா இருக்கு, எல்லாம் கரெக்டா இருக்கும்மா"ன்னு அனுப்பிட்டான். காலைல ஏழு மணிக்கு எனக்கும்தான் எல்லாம் கரெக்டா இருக்கு. மத்தியானம் மூணு மணிக்கு, வெளியில நாப்பத்தஞ்சு டிகிரியில, அது ஊதறது யாரோ நாய் மூச்சு விடற மாதிரி இருக்கும்.

இதுல டீசல் கதை வேற. ஓட்டத்துக்கு ஒரு டேங்க்னு ஊர் பங்க்காரர் தானமா போடறாரு. ஐசாவுல போட எங்களுக்கு வழி கிடையாது. ஏசியை முழுசா வச்சு ஓட்டினா, ஊருக்கு ஐம்பது கிலோமீட்டர் முன்னாடி, மாடு தாண்டாம ரோட்டுல இரும்புக் கிராதி போட்டிருக்கற இடத்துல, சிவப்பு லைட்டு எரிஞ்சிடும். நான் ஏசியை அணைச்சிடுவேன். நடுக்காட்டுல ரெண்டு கிழடுங்களோட நிக்கறதுக்கு அது தேவலைன்னு. கடைசி ஐம்பது கிலோமீட்டர் ஜன்னலைத் திறந்துக்கிட்டு, அடுப்பு வாயில உக்காந்த மாதிரி வருவோம்.

நானாவது தண்ணி பாட்டிலைத் திறந்து மடக்மடக்குன்னு குடிப்பேன். அவங்களால முடியாது. சிறுநீரகம் செத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் தண்ணின்னு கணக்கு. மீறினா நெஞ்சுல நீர் கோத்துக்கும். செஸ்ஸுக்கு அந்த ரோட்டுல ரெண்டு வாய்தான். நாப்பது வருஷம் மாடு ஓட்டின மனுஷன், ரெண்டாவது வாயை வாயிலேயே வச்சுக்கிட்டு, முழுங்காம பத்து கிலோமீட்டர் வருவான். கண்ணாடியில பாப்பேன். என் பாட்டிலை மூடி வச்சிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை தபால் லாரியில செஸ்ஸுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்துச்சு. அவன் வீடு எனக்கு நாலு வீடு தள்ளித்தான், நானே தூக்கிட்டுப் போனேன். பாதி வழியில பெட்டியோட மூலை கிழிஞ்சு ஒரு பீர் உறை கீழ விழுந்துச்சு.

பீர் உறைன்னா பாட்டில் சூடாகாம இருக்க மாட்டி விடற ரப்பர் சட்டை. எங்க பக்கம் கல்யாணம், ஐம்பதாம் பிறந்தநாள், குதிரைப் பந்தயம், சாவு, எதுவா இருந்தாலும் பேரும் தேதியும் அச்சடிச்ச பீர் உறை ஒண்ணை வந்தவங்க கையில குடுத்தனுப்புவாங்க. என் சமையலறையில ஒரு டிராயர் முழுக்க அதுதான். அதுல இருக்கற ஜோடியில பாதி விவாகரத்து ஆயாச்சு, உறை மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கு.

கீழ விழுந்ததை எடுத்துப் படிச்சேன். "செசில் அலோய்ஷியஸ் ராஃபர்ட்டி. 1946 –". கோட்டுக்குப் பின்னால காலி. அதுக்குக் கீழ, "வந்ததுக்கு நன்றி. என் பங்கையும் நீயே குடி."

அவன் சாவுக்கு அவனே அடிச்சு வச்சதுன்னு புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. அப்புறம் கோபம் வந்துச்சு. அது எனக்குச் சீக்கிரம் வரும். அவன் வராந்தாவுல பெட்டியைத் தொப்புன்னு போட்டேன்.

"என்னய்யா இது?"

"பீர் உறை. படிக்கத் தெரியும்ல?" நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லை அவன். "வருஷத்தை நீங்களே மார்க்கர்ல எழுதிக்கோங்க. தடியான ரப்பர், நல்ல சரக்கு. இப்ப தர்றாங்களே சப்பாத்தி மாதிரி, அது இல்லை."

"எப்பய்யா இந்த முடிவு எடுத்தே?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் வருவேன். அதுக்கப்புறம் நிறுத்திக்கறேன். டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்."

மெஷினை நிறுத்தினா ஒரு வாரம், மிஞ்சிப் போனா பத்து நாள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மெஷின் என்னய்யா பண்ணுச்சு உன்னை?"

"மெஷின் ஒண்ணும் பண்ணல. நர்ஸுங்க தங்கமானவங்க. அங்க நாலு மணி நேரம் நல்லாத் தூங்கறேன்." என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். "உன் வண்டிதான் கிளெனிஸ். திரும்பி வர்ற அந்த வண்டிதான். வாரத்துக்கு மூணு தடவை என்னை வேக வைக்கறீங்க. என்னால முடியலம்மா."

அவன் என்னை அம்மான்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஐசா போய்த் திரும்பி ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுட்டு நேரா பப்புக்குப் போனேன். குடிக்க இல்லை. வெளியில வாலோட லாரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. குளிர் ரூம் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு வேலை பாத்துக்கிட்டு இருந்தா.

"வால், நீ காருக்கு ஏசி பாப்பியா?"

"பாக்க மாட்டேன்."

"ஒரு ஆளு சாகப் போறான்."

திருப்புளியைக் கீழ வச்சா. விஷயத்தைச் சொன்னேன், பட்டறையில மூணு தடவை காட்டினது வரைக்கும். வெளிய வந்து, "எஞ்சினை அணைக்காதே"ன்னா. பானெட்டைத் தூக்கினா. உள்ளேர்ந்து அனல் அடிச்சுச்சு. கொதிக்கற எஞ்சினுக்குள்ள கையை விட்டு ஒரு குழாயைத் தடவிக்கிட்டே வந்தா, நாடி பாக்கற மாதிரி. முன்னால இருந்து பின்னால, பின்னால இருந்து முன்னால. ரெண்டு இடத்துல சின்னத் தெர்மாமீட்டரை ஒட்ட வச்சுப் பாத்தா, வண்டிக்குள்ள ஏசி காத்து வர்ற வாயிலயும் ஒரு தடவை. அஞ்சு நிமிஷம்தான்.

"மூணு தடவை பாத்தாங்கன்னு சொன்னியே, எப்பப் பாத்தாங்க?"

"காலைல. ஏழு மணிக்கு."

"பானெட்டைத் திறந்து வச்சு?"

"ஆமா."

மூக்கால ஒரு சிரிப்பு சிரிச்சா. "வா"ன்னு என் கையைப் பிடிச்சு பப்புக்குள்ள இழுத்துக்கிட்டுப் போனா. குளிர் ரூம்ல இருந்து பார் வரைக்கும் சுவத்தோரமா ஓடற பீர் குழாயைக் காட்டினா. என் தொடை தண்டிக்கு இருந்துச்சு. "குழாய் எம்மாத்திரம் தெரியுமா? என் சுண்டுவிரல். மீதி எல்லாம் போர்வை. இருபது மீட்டர். இதுல ஒரு ஜாண் கிழிஞ்சாக்கூட நடுராத்திரியானாலும் எனக்கு போன் வரும்."

திரும்ப வெளிய இழுத்துக்கிட்டு வந்தா. "இதைத் தொடு. இங்க." டாஷ்போர்டுல இருந்து வெளிய வர்ற தடிக் குழாய். சில்லுன்னு இருந்துச்சு, மேல வேர்த்திருந்துச்சு. "இப்ப இங்க." அதே குழாய், கம்ப்ரசர்கிட்ட போய்ச் சேர்ற இடம். வெதுவெதுன்னு இருந்துச்சு. நடுவுல அது புகைக்குழாயை ஒட்டி நாலு விரல் இடைவெளியில போகுது.

"ஒண்ணேகால் மீட்டர்தான்," அப்படின்னா வால். "கேஸ் நல்லாத்தான் இருக்கு, மெஷின் நல்லாத்தான் இருக்கு. திரும்பற வழியில எஞ்சின் அதைச் சூடாக்குது. கம்ப்ரசர் அந்தச் சூட்டையும் சேத்து சுமக்குது. குளிர் போதும்னு ஆனா அது தானே கொஞ்சம் நிக்கணும். உன் வண்டியில நிக்கறதே இல்லை, மூச்சு வாங்க ஓடிக்கிட்டே இருக்கு. டீசல் அங்கதான் போகுது. பீருக்கு இருபது மீட்டர் போர்வை போத்தற ஊருய்யா இது. மனுஷன் போற வண்டியில ஒண்ணேகால் மீட்டரை அம்மணமா விட்டிருக்கீங்க."

எனக்கு அங்கேயே அவளைக் கட்டிப்பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. பிடிச்சேன். விறகுக் கட்டையைக் கட்டிப்பிடிச்ச மாதிரி நின்னா.

"போர்த்தற நுரைப்பட்டை இப்ப கைவசம் இல்லை. ஐசாவுல சொல்லி விடறேன், லாரியில வரும். நாளைக்கு நான் டூமரா போகணும், அங்க பப்புல குளிர் ரூமே நின்னு போச்சு. வியாழக்கிழமை வந்து போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே."

வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். பொறுத்திருக்கணும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஞாயித்துக்கிழமை சமையலறை டிராயரைத் திறந்தேன், அத்தனை பீர் உறையும் என்னைப் பாத்துச்சு. எங்க ஊர்ல பொறந்தவளுக்கு வேற எப்படித் தோணும்? பீர் உறை போட்டா குளிரும். பீர் உறையால கெடுதல் வந்ததுன்னு இந்த ஊர்ல ஒருத்தன் சொல்லிக் கேட்டதில்லை. முப்பது உறையை எடுத்துக்கிட்டுப் போய், பானெட்டைத் திறந்து, கண்ணுல பட்ட ஏசி குழாய்க்கெல்லாம் மாட்டி, பசை தடவி ஒட்டினேன். தடிக் குழாய், ஒல்லிக் குழாய், ஒண்ணையும் விடல. ஒண்ணுக்குப் போத்தினா நல்லதுன்னா எல்லாத்துக்கும் போத்தினா இன்னும் நல்லதுதானே! கை தட்டிக்கிட்டே வீட்டுக்குள்ள போனேன், அவ்வளவு சந்தோஷம்.

திங்கள்கிழமை திரும்பி வர்றப்ப செஸ்கிட்ட பெருமையாச் சொன்னேன். "இன்னைக்குப் பாரு, ஏசி எப்படி இருக்குன்னு!"

ஐசாவைத் தாண்டி நாப்பதாவது கிலோமீட்டர்ல ரப்பர் தீயற நாத்தம் வந்துச்சு. அப்புறம் முன்னால படபடன்னு ஒரு சத்தம். நிறுத்திப் பாத்தா, கம்ப்ரசர்ல இருந்து வெளிய போற ஒல்லிக் குழாயில போட்ட உறை பசை உருகி வழுக்கி, ஏசி பெல்ட்டுல போய்ச் சுத்திக்கிட்டு, பெல்ட் அறுந்து தொங்குது. அந்தக் குழாய் குளிர் குழாயே இல்லை. கையை வச்சேன், கொப்பளிச்சுப் போச்சு.

ஐசாவுக்குத் திரும்பினா வீடு வந்து சேர டீசல் பத்தாது. நூத்தி எழுபது கிலோமீட்டர், ஏசி இல்லாம, மூணு மணி வெயில்ல. ஆன்ட்டி டல்சி துண்டை நனைச்சு செஸ் தலையில போட்டாங்க, அது கால் மணி நேரத்துல காஞ்சு சருகாச்சு. செஸ் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை. கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறந்து வச்சுக்கிட்டு வந்தான், உதடு வெடிச்சிருந்துச்சு. அவன் வீட்டு வாசல்ல கையைப் பிடிச்சு இறக்கினேன். கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"புதன்கிழமை என் கேட்டுக்கு வராதே கிளெனிஸ்."

"செஸ், அது என் தப்புய்யா, வால் வந்து…"

"கிறிஸ்துமஸ் எல்லாம் வேணாம். போதும்."

நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு எனக்கு. நல்லது பண்றேன்னு போய் ஒரு மனுஷனுக்கு நானே நாள் குறிச்சுட்டேனே! வீட்டுக்கு வந்து வாலுக்கு போன் போட்டேன். ஒண்ணு விடாம சொன்னேன். அழுதேன், அதையும் மறைக்கல.

"எந்தக் குழாய்னு சொன்னே?" அப்படின்னா.

"ஒல்லி. கம்ப்ரசர்ல இருந்து முன்னால போறது."

"கடவுளே. அது சூட்டை வெளிய கொட்டப் போற குழாய். அதுக்குப் போய்ச் சட்டை போட்டியா?" கருவியை எல்லாம் பெட்டியில போடற சத்தம் கேட்டுச்சு. "காலைல வர்றேன்."

டூமராவுல இருந்து இருநூத்தி எண்பது கிலோமீட்டர். அங்க குளிர் ரூம் இன்னும் முடியல. அந்த பப்காரன் லாரிக்கு முன்னால நின்னு கத்தினானாம், "என் பீர் எல்லாம் வெந்நீரா இருக்கு, நீ எங்க போறே?"ன்னு. "ஐஸ் வாங்கிப் போடு"ன்னு சொல்லிட்டு வந்துட்டாளாம். இதை அவ சொல்லல. அந்த பப்காரனே பின்னாடி எங்ககிட்ட வந்து புலம்பினான்.

செவ்வாய்க்கிழமை காலைல ஒன்பது மணிக்கெல்லாம் வந்து நின்னா. மொதல்ல என் கைவேலை அத்தனையையும் சுரண்டி எடுத்தா, ஒரு மணி நேரம். அவ சுரண்டச் சுரண்ட எனக்குச் சவுக்கடி மாதிரி இருந்துச்சு. பப் குளிர் ரூம் மோட்டாருக்கு வச்சிருந்த பெல்ட் ஒண்ணு அளவு சரியா வந்துச்சு. புகைக்குழாய்க்கும் தடிக் குழாய்க்கும் நடுவுல ஒரு பழைய ஆயில் டின்னை வெட்டித் தகடு மறைப்பு வச்சா. அப்புறம் இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னா.

"போர்வைக்குப் பட்டை இன்னும் வரல. உன் பீர் உறை யோசனை தப்பு இல்லை கிளெனிஸ். குழாய்தான் தப்பு. தடியா, நல்ல ரப்பரா ஒரு பதினொண்ணு இருந்தா இப்பவே போட்டுடுவேன். உன்கிட்ட மிச்சம் இருக்கா?"

என்கிட்ட மிச்சம் இருந்ததெல்லாம் சப்பாத்தி. பப்புல இருந்ததும் சப்பாத்தி. தடி உறை, நல்ல சரக்கு, ஊர்ல ஒரே இடத்துலதான் இருந்துச்சு.

"போய்க் கேளு," அப்படின்னா வால்.

"நான் கேக்க மாட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு?"

அவளே போனா. நான் பின்னால ஒளிஞ்ச மாதிரி போனேன். ஆன்ட்டி டல்சி ஏற்கனவே செஸ் வராந்தாவுல உக்காந்திருந்தாங்க, முந்தின நாள்ல இருந்து அவனை விட்டு நகரல போல. பெட்டி அவன் காலடியில இருந்துச்சு.

"இதுல பதினொண்ணு வேணும்," அப்படின்னா வால். வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை.

"அது என் அடக்கத்துக்கு வச்சது."

"எத்தனை இருக்கு?"

"நூறு."

"இந்த ஊர் ஜனத்தொகை எம்பத்தி ஒன்பது. அதுல முப்பது பேருக்கு உன்னைப் பிடிக்காது. நூறு பேர் வருவாங்கன்னு உனக்கு யாருய்யா சொன்னா?"

ஆன்ட்டி டல்சி தொடையைத் தட்டிச் சிரிச்சாங்க. "நல்லாக் கேளு கண்ணு! நான் வந்தாலும் டீதான் குடிப்பேன், எனக்கும் உறை வேணாம். இன்னொண்ணு குறைச்சுக்கோ."

"வெளியூர்ல இருந்து வருவாங்க," அப்படின்னான் செஸ், ரோஷமா. "பழைய மாட்டுக்காரங்க."

"பாதிப் பேரு உனக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டான்," அப்படின்னாங்க ஆன்ட்டி. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டாங்க. "செஸ். அந்த வண்டியில பின் சீட்டுல நாம ரெண்டு பேருதான். நீ வரலைன்னா நான் தனியா வரணும். அதை நினைச்சியா நீ?"

செஸ் தரையையே பாத்தான். அப்புறம் காலால பெட்டியை வால் பக்கம் தள்ளினான். "பதினொண்ணு. அதுக்கு மேல ஒண்ணு எடுக்கக் கூடாது. நாளைக்கு நான் வருவேன். என் சரக்கு வேலை செய்யுதான்னு பாக்க. ஒரே ஒரு தடவை. வெந்தேன்னா, அதோட முடிஞ்சது. அப்புறம் யாரும் என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

"சரி," அப்படின்னா வால்.

அவ வேலை பண்ணினதைப் பாத்திருக்கணும் நீங்க. ஒவ்வொரு உறையோட அடியையும் வட்டமா வெட்டி எடுத்தா, பக்கத்துல ஒரு கீறல், விரிச்சா பட்டையா வந்துச்சு. குழாயைத் துடைச்சுக் காய வச்சு, பட்டையை ரெண்டு சுத்து இறுக்கமா, ஒண்ணோட ஓரம் இன்னொண்ணு மேல ஏறற மாதிரி, ஒரு மயிரிழை வெளிய தெரியாம. பசை இல்லை, பிளாஸ்டிக் கட்டுதான், மூணு விரலுக்கு ஒண்ணு. வளைவு வர்ற இடத்துல தையக்காரி மாதிரி சின்னச் சின்னதா வெட்டி வளைச்சா. எல்லாத்துக்கும் மேல வெள்ளித்தாள் டேப். பெரிய விரல், நகமெல்லாம் கறுப்பு, அந்தக் கை அப்படிப் பதமாப் போகுது! செஸ் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டுக்கிட்டு உக்காந்து பாத்தான். ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.

"என் பேரு உள்பக்கமா போகுதா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம். குளிர் பக்கம்."

"சரி," அப்படின்னான் அவன்.

புதன்கிழமை. ஆஸ்பத்திரியில செஸ் தூங்கினான், ஆன்ட்டி டல்சி குறுக்கெழுத்துப் போட்டாங்க, நான் கார் பார்க்குல நகத்தைக் கடிச்சேன். ரெண்டு மணிக்குக் கிளம்பினோம். வெளியில நாப்பத்தி நாலு. வால் ஏசி வாயில ஒரு தெர்மாமீட்டரைச் செருகி விட்டிருந்தா. வெள்ளிக்கிழமை அதே இடத்துல அவ பாத்தப்ப பதினெட்டு. இப்ப பதினஞ்சு. பதினாலு. நான் ரோட்டைப் பாத்ததை விட அதைத்தான் பாத்தேன். எண்பதாவது கிலோமீட்டர்ல பன்னெண்டு. மந்திரம் ஒண்ணும் இல்லை, ஆறு டிகிரிதான். ஆனா அந்த ஆறு டிகிரியை வாழ்ந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் எஞ்சின் பக்கம் 'டக்'னு ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, திரும்ப பெல்ட் போச்சுன்னு. காத்து நிக்கல. பத்து செகண்டு கழிச்சு இன்னொரு 'டக்'. அப்பத்தான் புரிஞ்சுது. கம்ப்ரசர் போதும்னு நிக்குது! நிறுத்தி மூச்சு விட்டு, திரும்ப எழுந்து வேலை செய்யுது. நாலு வருஷமா அந்த வண்டியை ஓட்டறேன், அந்தச் சத்தத்தை ஒரு டிசம்பர் மத்தியானத்துல கேட்டதே இல்லை. வால், மகராசி, நீ நல்லா இருக்கணும்னு வாய் விட்டுச் சொன்னேன்.

கண்ணாடியில பாத்தேன், செஸ் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தான். அவனோட தண்ணி பாட்டில் மடியில மூடி திறக்காம இருந்துச்சு.

இரும்புக் கிராதி வந்துச்சு. சக்கரம் அது மேல கடகடன்னு ஓடினதும் என் கை தானா ஏசி பொத்தானுக்குப் போச்சு, பழக்கம். நடுவழியில நின்னுச்சு. சிவப்பு லைட்டு எரியல. டீசல் முள்ளு சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலதான் இருந்துச்சு. கையை எடுத்துட்டேன். அஞ்சு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர். லைட்டு எரியல. யாராவது பேசித் தொலைங்களேன்னு இருந்துச்சு.

"கிளெனிஸ்."

"என்ன செஸ்?"

"அதைக் கொஞ்சம் குறைச்சு வை. முட்டி குளிருது."

முப்பது வருஷம் பஸ்ஸுல, பின் சீட்டுல இருந்து யார் என்ன கேட்டாலும் சண்டைக்குப் போனவ நான். வாயைத் திறக்காம பொத்தானை ஒரு புள்ளி திருப்பினேன். ரோடு கலங்கலாத் தெரிஞ்சுச்சு, வண்டியை ஓரமா நிறுத்திக் கண்ணைத் துடைச்சுக்க வேண்டியதாப் போச்சு. ஆன்ட்டி டல்சி தோள்ல இருந்த சால்வையை எடுத்து அவன் முட்டி மேல போட்டாங்க. "குளிருதாம்ல துரைக்கு!" அப்படின்னாங்க.

வீட்டு வாசல்ல அவனை இறக்கினேன். கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், திங்கள்கிழமை நின்ன மாதிரியே.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணியா?"

"அஞ்சு மணி."

"லேட்டா வராதே," அப்படின்னுட்டு உள்ள போனான்.

இது மூணாவது கோடை. நுரைப்பட்டை லாரியில வந்துச்சு, வால் போடலாம்னா, செஸ் ஒத்துக்கல. என் சரக்கு இருக்கறப்ப இன்னொருத்தன் சரக்கு எதுக்குன்னான். எஞ்சின் சூட்டுக்கு ரப்பர் ஒரு வருஷம்தான் தாங்கும், அதனால ஒவ்வொரு அக்டோபரும் வால் பழசை வெட்டி எடுத்துட்டுப் புதுசா பதினொண்ணு சுத்தறா. கூலி வாங்க மாட்டா. செஸ் நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாப்பான். பெட்டி அவன் சமையலறையில ஃபிரிட்ஜ் மேல இருக்கு.

போன வாரம் அந்த வேலை முடிஞ்சதும் பெட்டியைக் கீழ இறக்கி ஒவ்வொண்ணா எண்ணினான். அறுபத்தி ஏழு.

"வருஷத்துக்குப் பதினொண்ணுன்னா இன்னும் ஆறு வருஷம்தான் வரும்," அப்படின்னான், கவலையா. "என் அடக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும் போலிருக்கே. கிளெனிஸ், அந்தக் கடையோட நம்பர் உன்கிட்ட இருக்கா? இன்னொரு நூறு சொல்லி வச்சிடலாம்."